மூன்று விரல் பிரவுன்: பட்டப்பெயருக்குப் பின்னால் மறைந்துபோன பிட்சர்

1906ஆம் ஆண்டு சிகாகோ கப்ஸ் அணிக்குப் பந்து வீசிய மார்டெகாய் பிரவுனின் பேரில் 26 வெற்றிகளும் 6 தோல்விகளும் எழுதப்பட்டன. பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் யாராவது ஒரு பிட்சரின் பேரில் பதிவாகும்; கிரிக்கெட்டில் இல்லாத வழக்கம் இது. அந்த ஆண்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன்களின் சராசரி 1.04. 1900க்குப் பிறகு, அமெரிக்காவின் இரு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீகில் ஒரு முழுப் பருவத்துக்கு இதைவிடச் சிக்கனமாகப் பந்து வீசியவர் இன்றுவரை கிடையாது. 1968இல் பாப் கிப்சன் 1.12 வரை வந்தார். அதற்கே அரண்டுபோன நிர்வாகம், அடுத்த ஆண்டு பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டிவிட்டது.

பிரவுனின் 1.04ஐப் பார்த்து எவரும் அரளவில்லை. அப்படி ஓர் எண்ணே அப்போது வெளியாகவில்லை. ஃபீல்டர்களின் பிழையால் விழுந்த ரன்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிட்சரின் கணக்கில் எழுதும் சராசரியை நேஷனல் லீக் அதிகாரபூர்வமாக ஏற்றது 1912இல்தான். அந்த ஆண்டு பிரவுனுக்குக் கிடைத்தவை வெறும் 5 வெற்றிகள், முழங்கால் போயிருந்தது. அவருடைய காலத்து ரசிகர்களிடம் அவரை அளக்கச் சரியான அளவுகோல் இல்லை. அவர்கள் பார்த்தது அவருடைய வலது கையைத்தான். அந்தக் கை அவருக்கு ‘மூன்று விரல்’ என்று பட்டம் கட்டியது. நூறாண்டு கழித்தும் அந்தப் பட்டமே அவரைப் பற்றிய முழு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. என் பார்வையில் அது பாதி விளக்கம்கூட இல்லை.

கையின் கதையை முதலில் முடித்துவிடலாம். 1876 அக்டோபர் 19 அன்று இண்டியானா மாநிலத்தின் நைஸ்வில் என்ற சிற்றூரில் பிரவுன் பிறந்தார். அமெரிக்கா விடுதலை அறிவித்த நூறாவது ஆண்டு அது. அதனால் ‘நூற்றாண்டு’ என்னும் பொருள்படும் ‘சென்டென்னியல்’ என்ற சொல்லையும் பெற்றோர் அவர் பெயரில் சேர்த்துவிட்டார்கள்: மார்டெகாய் பீட்டர் சென்டென்னியல் பிரவுன். சிறுவனாக இருந்தபோது பண்ணையில் கால்நடைத் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலின் பெரும்பகுதி போயிற்று. சுண்டுவிரலும் நடுவிரலும் நசுங்கின. அந்தப் புண் ஆறுவதற்குள் மறுபடி கீழே விழுந்து அதே கையில் எலும்புகளை முறித்துக்கொண்டார். முயலை வைத்து விளையாடும்போது விழுந்தார் என்று ஒரு கதை, பன்றியைத் துரத்திக்கொண்டு ஓடி விழுந்தார் என்று இன்னொரு கதை. எப்படி விழுந்திருந்தாலும் எலும்புகள் கோணலாகக் கூடின. நடுவிரல் வளைந்து நின்றுவிட்டது, சுண்டுவிரல் செயலிழந்தது. ஆக, அவருக்கு இருந்தவை மூன்று விரல்கள் அல்ல. கட்டைவிரலோடு சேர்த்து நான்கு விரல்களும் ஒரு குட்டைத் துண்டும் இருந்தன. பத்திரிகைக்காரர்களுக்கு மூன்று என்பது வசதியாக இருந்திருக்கிறது.

இந்தக் கை பந்தை என்ன செய்தது? பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். 1893இல் வகுத்த தூரம்தான் இன்றும். பந்தின் தோலை 108 இரட்டைத் தையல்கள் பிணைக்கின்றன. சுழலும் பந்தில் இந்தத் தையல்கள் காற்றை ஒரு பக்கம் தள்ளுகின்றன. பந்து எதிர்ப்பக்கம் விலகுகிறது. சாதாரணமாக ஒருவர் வேகமாக எறியும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் கடைசியாகப் பந்தை விட்டு விலகும். அப்போது பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போகும். அந்தச் சுழற்சி பந்து கீழே விழுவதைத் தாமதப்படுத்தும். பிரவுனுக்கு ஆள்காட்டி விரல் இல்லை, நடுவிரல் நேராக இல்லை. அவர் நேராக எறிந்த பந்துகூடப் பேட்டரை நெருங்கும்போது தாழ்ந்தது. வளைபந்தை எறிந்தாலோ திடீரென்று குழிக்குள் இறங்குவதுபோல் விழுந்தது. தான் சந்தித்த பந்துகளிலேயே மிகக் கொடியது பிரவுனின் வளைபந்துதான் என்று அக்காலத்தின் பெரும் பேட்டரான டை காப் சொன்னதாகப் பதிவு உண்டு. யாரையும் எளிதில் புகழாத மனிதர் காப்.

போலியோவால் சூம்பிய வலது கையை வைத்துக்கொண்டு 242 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த பி. எஸ். சந்திரசேகரைப் பற்றியும் நம்மவர்கள் இப்படித்தான் பேசினார்கள். கை மெலிந்ததால் சாட்டைபோல் சுழன்றது, அதனால்தான் அந்த வேகம் என்றார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் எந்தப் பந்தை எப்போது போடுவது என்று சூம்பிய கை சொல்லித் தராது. ஊனம் உங்களுக்கு நல்லதாகப் போயிற்றா என்று பிரவுனைக் கேட்டவர்கள் ஏராளம். நல்ல கையால் எறிந்து பார்த்தால் அல்லவா ஒப்பிட்டுச் சொல்ல முடியும், அப்படி எறிந்ததே இல்லையே என்பதுபோல் அவர் பதில் சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். கேள்விக்கு ஏற்ற பதில்தான்.

கையை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது அவர் வந்து சேர்ந்த வழியை. இளமையில் அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ‘சுரங்கக்காரர்’ என்பதும் அவருடைய இன்னொரு பட்டப்பெயர். சுரங்க ஊர்களின் அணிகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடினார்; முதலில் அவர் பிட்சர்கூட அல்ல, மூன்றாம் பேஸில் நின்ற ஃபீல்டர். வழக்கமான பிட்சருக்கு அடிபட்ட ஒரு நாளில் பந்து இவர் கைக்கு வந்தது. பிறகு 1901இல் டெர்ரே ஹோட், 1902இல் ஒமாஹா என்று சிறு லீக்குகளில் ஓராண்டு ஓராண்டாக ஏறினார். 1903இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் வழியாக நேஷனல் லீகில் கால் வைத்தபோது அவருக்கு வயது 26. அவருடைய வாழ்நாள் போட்டியாளரான கிறிஸ்டி மாத்யூசன், பிரவுனைவிட நான்கு வயது இளையவர், பக்னெல் கல்லூரியில் படித்தவர். அதே 1903இல் அவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக 30 வெற்றிகளைச் சேர்த்திருந்தார். தாமதமாகத் தொடங்கியதன் விலையைப் பிரவுன் கடைசிவரை கட்டினார். அதைப் பிறகு பார்க்கலாம்.

கார்டினல்ஸ் அந்த ஆண்டு லீகிலேயே கடைசி அணி. கடைசி அணியின் புதுமுகமான பிரவுன் 9 வெற்றி, 13 தோல்வியோடு பருவத்தை முடித்தார். அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஜாக் டெய்லர் என்ற பேர் பெற்ற பிட்சரை வாங்கினார்கள். அன்று பார்த்தவர்களுக்கு லாபம் கார்டினல்ஸுக்குத்தான். சிகாகோ ஏன் டெய்லரை விட்டது என்பதில் ஓர் அழுக்கு இருக்கிறது. 1903 இலையுதிர் காலத்தில் நகரத்தின் இன்னோர் அணியான ஒயிட் சாக்ஸோடு நடந்த தொடரில் அவர் பணம் வாங்கிக்கொண்டு தோற்றார் என்று அணியின் தலைவர் சந்தேகப்பட்டார். சூதாட்டம் பேஸ்பாலின் கழுத்தைப் பிடித்திருந்த காலம் அது. எவரோ ஒருவர்மேல் விழுந்த சந்தேகத்தால்தான் பிரவுனுக்குச் சிகாகோவின் கதவு திறந்தது. 1906இல் அதே டெய்லரைக் கப்ஸ் திரும்ப வாங்கியது என்பது தனி வேடிக்கை.

இனி, அந்த எண்களை எப்படிப் படிப்பது என்ற கேள்வி. 1900 முதல் 1919 வரையிலான காலத்தைப் பேஸ்பால் வரலாற்றில் ‘செத்த பந்துக் காலம்’ என்பார்கள். பந்து உண்மையிலேயே செத்துத்தான் கிடந்தது. இன்று ஓர் ஆட்டத்துக்கு டஜன் கணக்கில் புதுப் பந்துகள் வரும். அன்று ஒரே பந்தை ஆட்டம் முழுக்க உருட்டுவார்கள். பார்வையாளர் பக்கம் போனால் திருப்பி எறியச் சொல்வார்கள். புகையிலைச் சாறு, எச்சில், மண் எல்லாம் சேர்ந்து மாலைக்குள் பந்து கறுத்து, தொளதொளத்துப் போகும். எச்சில் தடவிப் பந்து வீசுவது சட்டப்படி செல்லும். 1920இல்தான் அதற்குத் தடை வந்தது. 1908இல் நேஷனல் லீக் முழுவதன் பேட்டிங் சராசரி .239, அதாவது ஆயிரம் முயற்சியில் 239 அடிதான் பலித்தது. அந்த ஆண்டு லீகிலேயே அதிகமாக ஹோம் ரன் அடித்தவரின் கணக்கு 12. பந்தைக் கூட்டத்துக்குள் அடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, மட்டையைப் பாதியில் பிடித்து, தட்டி, ஓடி, பேஸ் திருடி ஒரு ரன்னைத் தேற்றுவதே ஆட்டமாக இருந்தது.

அப்படியானால் 1.04 என்பது காலத்தின் பரிசுதானா? காலத்தைக் கழித்துப் பார்ப்பது கடினம் அல்ல. 1906இல் லீகின் பொதுச் சராசரி சுமார் 2.62. பிரவுன் கொடுத்தது அதில் ஐந்தில் இரண்டு பங்கு. செத்த பந்து எல்லாருக்கும் செத்த பந்துதானே.

காலத்தைவிட அணியின் பங்கு சிக்கலானது. கப்ஸ் அந்த ஆண்டு 116 ஆட்டங்களில் வென்று 36இல் மட்டும் தோற்றது. அந்த விகிதத்தை நவீன காலத்தில் எந்த அணியும் தொடவில்லை. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஷார்ட் ஸ்டாப்பில் ஜோ டிங்கர், இரண்டாம் பேஸில் ஜானி எவர்ஸ், முதல் பேஸில் அணியின் மேனேஜரான ஃபிராங்க் சான்ஸ், பின்னால் கேட்சராக ஜானி கிளிங். பிரவுனின் தாழும் பந்தை அடித்தால் அது பெரும்பாலும் தரையில்தான் உருளும். தரையில் உருளும் பந்தை எடுக்க நாட்டிலேயே சிறந்தவர்கள் அங்கே நின்றார்கள். சிறு கையுறையும் மேடுபள்ளமான தரையும் இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. அதே ஃபீல்டர்களை முன்னால் நிறுத்திக்கொண்டு ஜாக் ஃபீஸ்டர் 1.51, எட் ருல்பாக் 1.65 என்று கொடுத்தார்கள். பொறாமைப்படத்தக்க எண்கள், அணி தூக்கிவிட்டது என்பதற்குச் சான்றும்கூட. ஆனால் பிரவுன் அவர்களைவிடவும் வெகுதூரம் கீழே நிற்கிறார்.

ஃபீல்டர் எவரும் உதவ முடியாத ஒரு கணக்கு உண்டு: நான்கு தவறான பந்துகளை வீசி பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது. 1908இல் 312 இன்னிங்ஸ் வீசிய பிரவுன் இப்படி அனுப்பியது 49 பேரை மட்டும். அந்த ஆண்டு ஜூன் 13, ஜூன் 25, ஜூலை 2, ஜூலை 4 என்று வரிசையாக நான்கு ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. கோணல் விரல் பந்தை வளைத்திருக்கும். வளைந்த பந்தை ஹோம் பிளேட்டின் ஓரத்தில், கேட்ட இடத்தில் கொண்டுபோய் வைத்தது வேறு ஏதோ. அதைப் பற்றிப் பேசாமல் விரலைப் பற்றியே பேசுவதுதான் எனக்குள்ள மனத்தாங்கல்.

1906க்கு மீண்டும் ஒரு நிமிடம். 116 வெற்றி பெற்ற அணி, இரு பெரிய லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் வேர்ல்டு சீரீஸில் அதே ஊரின் ஒயிட் சாக்ஸிடம் நான்குக்கு இரண்டு என்று தோற்றது. அக்டோபர் 9 அன்று முதல் ஆட்டத்தில் பிரவுன் 2-1 என்று தோற்றார். 12ஆம் தேதி நான்காவது ஆட்டத்தில் 1-0 என்று வென்றார். ஒரே நாள் ஓய்வு கொடுத்து 14ஆம் தேதி ஆறாவது ஆட்டத்துக்கும் அவரையே அனுப்பினார் சான்ஸ். இரண்டாவது இன்னிங்ஸ் முடியும் முன்பே அடி தாங்காமல் வெளியேறினார், 8-3. ஆறு நாட்களில் மூன்று ஆட்டங்கள். தேவை என்றால் பிரவுனைக் கூப்பிடு என்ற பழக்கம் அப்போதே வேர்விட்டிருந்தது.

அந்தப் பழக்கம் உச்சம் தொட்டது 1908இல். அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில், 19 வயது ஃபிரெட் மெர்க்கல் முதல் பேஸில் நிற்க, ஜயன்ட்ஸ் வெற்றி ரன் எடுத்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மெர்க்கல், தான் தொட்டாக வேண்டிய இரண்டாம் பேஸைத் தொடாமலே உடை மாற்றும் அறைப்பக்கம் ஓடிவிட்டார். எவர்ஸ் எங்கிருந்தோ ஒரு பந்தை வரவழைத்து இரண்டாம் பேஸைத் தொட்டு முறையிட்டார்; நடுவர் ஹாங்க் ஓடே, மெர்க்கல் அவுட், ரன் செல்லாது என்றார். ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது. பருவம் முடிந்தபோது இரு அணிகளும் சரியாக 98 வெற்றி, 55 தோல்வி. அந்த ஒரு சமன் ஆட்டத்தை அக்டோபர் 8 அன்று அதே மைதானத்தில் மறுபடி ஆடியே தீரவேண்டிய நிலை. இதற்கு நான்கு நாட்கள் முன்பு, அக்டோபர் 4 அன்று, பிட்ஸ்பர்க்கை 5-2 என்று வென்று கப்ஸை உயிரோடு வைத்தவரும் பிரவுன்தான்.

அன்று நியூயார்க்கில் மைதானம் வழிந்தது. டிக்கெட் கிடைக்காதவர்கள் உயர்மட்ட ரயில்பாதை மேலும் பாறைக் குன்றின் மேலும் தொற்றிக்கொண்டு நின்றார்கள். கப்ஸ் வீரர்கள் சிலருக்கு, நியூயார்க்கை வென்றால் பிணமாவீர்கள் என்று மொட்டைக் கடிதங்கள் வந்திருந்தன. தனக்கும் வந்தது என்றும், அதற்காகவே தன்னை ஆடவிடுமாறு கேட்டதாகவும் பிற்காலத்தில் பிரவுன் நினைவுகூர்ந்தார். சான்ஸ் ஒப்பவில்லை. ஜயன்ட்ஸைத் தொடர்ந்து வீழ்த்திப் பேர் வாங்கியிருந்த ஃபீஸ்டரை அனுப்பினார். ஃபீஸ்டர் முதல் பேட்டர்மேலேயே பந்தை எறிந்தார், அடுத்தவரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பினார். அவுட் இரண்டு விழுந்தாலும் ஒரு ரன் உள்ளே வந்துவிட்டது. இன்னும் இருவர் பேஸ்களில். முதல் இன்னிங்ஸே முடியவில்லை. சான்ஸ் கையசைத்தார். மைதானத்தின் ஓரத்தில் அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தை விலக்கியபடி பிரவுன் உள்ளே வந்து ஆர்ட் டெவ்லினை ஸ்டிரைக் அவுட் செய்தார்.

மூன்றாவது இன்னிங்ஸில் டிங்கர், மாத்யூசனின் பந்தை நடுப்பக்க ஃபீல்டரின் தலைக்கு மேலே அடித்து மூன்றாம் பேஸ் வரை ஓடினார். டிங்கருக்கு மாத்யூசனின் பந்து என்றால் கொண்டாட்டம். கிளிங் அவரை உள்ளே கொண்டுவந்தார். பிரவுனே ஒரு பந்தைத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாகிக் கிளிங்கை நகர்த்தினார். ஷுல்ட்டியும் சான்ஸும் மிச்சத்தை முடித்தார்கள். நான்கு ரன்கள். ஆட்டத்தின் நெருப்பு ஏழாவது இன்னிங்ஸில் பற்றியது. இரண்டு அடி, ஓர் இலவச நடை. மூன்று பேஸ்களிலும் ஜயன்ட்ஸ், அவுட் ஒன்றுகூட இல்லை. மாத்யூசனுக்குப் பதிலாக லாரி டாயிலை மட்டையோடு அனுப்பினார் மேனேஜர் ஜான் மக்ரா. டாயில் அடித்த பந்து கேலரிப் பக்கமாக உயரே போனது. கூட்டத்திலிருந்து புட்டிகளும் தொப்பிகளும் பறந்துவர, அவற்றினூடே கிளிங் பந்தைப் பிடித்தார். ஃபிரெட் டென்னி தூக்கி அடித்து ஒரு ரன் சேர்த்துவிட்டு அவுட்டானார். ஹெர்சாக் தரையில் உருட்டிய பந்து டிங்கரிடம் போனது. மூன்று பேஸ்களும் நிறைந்த நிலையிலிருந்து பிரவுன் கொடுத்தது ஒரே ஒரு ரன். முடிவு 4-2. வெளியேறும்போது கூட்டத்தில் யாரோ ஒருவர் சான்ஸின் கழுத்தில் குத்தினார். போலீஸ் காவலில்தான் அணி தப்பியது. அது பிரவுனின் 29ஆவது வெற்றி. இரண்டு நாள் கழித்து டெட்ராய்ட்டில் தொடங்கிய வேர்ல்டு சீரீஸிலும் இரண்டு ஆட்டங்களை வென்றார். ஃபீல்டர்களின் பிழையைக் கழித்தால் அவர் கணக்கில் விழுந்த ரன் பூஜ்யம். கப்ஸ் அதன்பின் வேர்ல்டு சீரீஸை வென்றது 2016இல்.

அந்த அக்டோபர் 8 ஆட்டத்தில் பிரவுன் செய்தது தீயணைப்பு வேலை. இன்று எல்லா அணியிலும் அதற்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஓர் இன்னிங்ஸ் வீசிவிட்டுக் கோடிகளில் சம்பளம் வாங்குகிறார்கள். அன்றைய மேனேஜர்கள் நெருக்கடி வந்தால் தங்கள் ஆகச்சிறந்த பிட்சரையே இழுத்துவிடுவார்கள். பிரவுனை இழுத்ததுபோல் வேறு யாரையும் இழுத்ததில்லை. 1911இல் 53 ஆட்டங்களில் வந்தார். அவற்றில் தொடக்கத்திலிருந்து வீசியவை 27. 21 வெற்றிகள் போக, பிறர் வென்ற ஆட்டங்களைக் காப்பாற்றி முடித்துவைத்த ‘சேவ்’ கணக்கில் 13. இந்தக் கணக்கும் அவர் காலத்தில் கிடையாது. 1969இல் அதிகாரபூர்வமாக வந்த பிறகு, பழைய ஸ்கோர் அட்டைகளைப் புரட்டி எண்ணிப் பார்த்தபோதுதான் அந்த 13 என்பது 1924 வரை எவரும் தாண்டாத எண் என்று தெரிந்தது. 1906 முதல் 1911 வரை ஆறு பருவங்களிலும் 20 வெற்றிகளுக்குக் குறையவில்லை. கூடவே இந்த உபரி வேலையும். முப்பத்தைந்தை நெருங்கும் உடம்பை அப்படி உழைக்க வைத்ததற்கு அடுத்த ஆண்டே பலன் தெரிந்தது என்பது என் ஊகம். 1912இல் முழங்கால் காயம், 15 ஆட்டங்கள், அதோடு கப்ஸ் அவரைக் கழற்றிவிட்டது.

கழற்றிவிட முடிந்ததற்குக் காரணம் அன்றைய ஒப்பந்தம். ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தத்திலும், அடுத்த ஆண்டுக்கும் அவரைத் தக்கவைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு என்று ஒரு விதி இருக்கும். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்திலும் அதே விதி. ஆக, விற்கும்வரை அல்லது விரட்டும்வரை வீரர் அந்த முதலாளிக்குத்தான். வீரருக்கு வேறு அணியோடு பேரம் பேச வழி இல்லை. 1913இல் சின்சினாட்டியில் டிங்கரின் கீழ் ஓராண்டு ஆடிய பிரவுன், 1914இல் ஃபெடரல் லீக் என்ற மூன்றாவது பெரிய லீக் கடை விரித்தபோது தாவிவிட்டார். டிங்கரும் தாவினார். பழைய லீக்குகள் துரோகம் என்றன. ஆனால் 37 வயதில், முழங்கால் போன நிலையில், பேரம் பேசக் கிடைத்த முதல் வாய்ப்பை ஒருவர் விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

செயின்ட் லூயிஸ் டெரியர்ஸ் அணிக்கு ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் சேர்ந்தார். மேனேஜர் வேலை ஒத்துவரவில்லை. பருவத்தின் நடுவிலேயே அவரை நீக்கிவிட்டு ஃபீல்டர் ஜோன்ஸ் (ஃபீல்டர் என்பது அவர் பெயரே) என்பவரை அமர்த்தினார்கள். 1906 வேர்ல்டு சீரீஸில் கப்ஸை மண்கவ்வ வைத்த ஒயிட் சாக்ஸின் மேனேஜர் அதே ஜோன்ஸ்தான். பிரவுன் அங்கிருந்து ரொட்டி முதலாளி ஒருவர் நடத்திய புரூக்ளின் அணிக்குப் போனார். 1915இல் மீண்டும் சிகாகோ. ஆனால் இம்முறை கப்ஸ் அல்ல, ஃபெடரல் லீகின் வேல்ஸ். அங்கும் மேனேஜர் டிங்கர். பிரவுன் 17 வெற்றி, 8 தோல்வி. வெற்றி விகிதத்தில் வேல்ஸ் .566, இரண்டாம் இடத்துச் செயின்ட் லூயிஸ் .565 என்ற மயிரிழையில் பட்டம் வென்றது.

அதற்குள் ஃபெடரல் லீக் பழைய லீக்குகள் மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி சிகாகோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸ் பேஸ்பால் பித்தர். தீர்ப்பே சொல்லாமல் ஆண்டு முழுக்க வழக்கை ஊறப்போட்டார். பணம் கரைந்துபோன லீக் 1915 டிசம்பரில் சமரசத்துக்கு வந்து கலைந்தது. சமரசத்தின்படி வேல்ஸின் முதலாளி சார்லஸ் வீக்மன் கப்ஸை வாங்கிக்கொண்டார், அதைத் தன் புதிய மைதானத்துக்கே கொண்டுபோனார். இன்று ரிக்லி ஃபீல்டு என்று உலகம் அறிந்த மைதானம் அது. பிரவுனும் அந்த வழியில் கப்ஸுக்குத் திரும்பினார். சமரசத்தில் ஏமாந்த பால்டிமோர் அணி போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே அல்ல என்ற விந்தையான தீர்ப்பை 1922இல் பெற்றுத் தந்தது. லாண்டிஸ் 1920லேயே பேஸ்பாலின் முதல் கமிஷனர் ஆகிவிட்டிருந்தார். வீரர்களைக் கட்டிப்போட்ட அந்த விதி 1970கள்வரை நீடித்தது.

1916 செப்டம்பர் 4, தொழிலாளர் தினம். மாத்யூசன் அப்போது சின்சினாட்டியின் மேனேஜர். பழைய எதிரிகள் இருவரையும் கடைசியாக ஒருமுறை மோதவிடலாம் என்று சிகாகோவில் ஏற்பாடு. 1905 ஜூனில் இதே இருவர் மோதிய ஓர் ஆட்டத்தில் மாத்யூசன் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை, பிரவுன் எட்டு இன்னிங்ஸ்வரை ஒரே ஓர் அடி கொடுத்திருந்தார், கடைசியில் 1-0. அதன் பிறகு 1908 வரை தொடர்ந்து ஒன்பது முறை மாத்யூசனை வென்றவர் பிரவுன். 1916இன் ஸ்கோர் 10-8. ஆட்டம் அழகாக இல்லை, இரண்டு பேருமே அடி வாங்கினார்கள், ஆனால் இருவருமே கடைசிவரை வீசினார்கள். வென்றது மாத்யூசன். அதையும் சேர்த்தால் இருவருக்கும் இடையிலான கணக்கு பிரவுனுக்கு 13, மாத்யூசனுக்கு 11.

அதோடு பெரிய லீக்குகளில் பிரவுனின் கணக்கு மூடப்பட்டது: 239 வெற்றி, 130 தோல்வி, எதிரணிக்கு ரன்னே கொடுக்காத ‘ஷட்-அவுட்’ 55, சராசரி 2.06. பேஸ்பால் வரலாற்றில் 3,000 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களில் இதைவிடக் குறைந்த சராசரி எவருக்கும் இல்லை. எட் வால்ஷின் 1.82 இன்னும் குறைவுதான், ஆனால் அவர் 3,000ஐத் தொடும் முன் தோள் விழுந்துவிட்டது. மாத்யூசனின் சராசரி 2.13, வெற்றி 373. இந்த 134 வெற்றிகளின் இடைவெளிதான் நான் முன்பு சொன்ன விலை. ஒருவர் இருபது வயதில் ஜயன்ட்ஸ் சீருடையில் நின்றார்; மற்றவர் அந்த வயதில் சுரங்க ஊர்களில் ஞாயிறுதோறும் ஆடிக்கொண்டிருந்தார்.

பிரவுன் கொலம்பஸிலும் டெர்ரே ஹோட்டிலும் சிறு லீக்குகளில் 1920 வரை ஆடினார். பிறகு டெர்ரே ஹோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் போட்டு 1945 வரை நடத்தினார். 1936இல் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்துக்குப் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த முதல் ஐவரில் மாத்யூசன் இருந்தார். பிரவுனுக்கு அவர்களிடம் போதிய ஓட்டு ஒருபோதும் கிடைக்கவில்லை. வெற்றிகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அவர் பின்னால்தான் வருவார். 1948 பிப்ரவரி 14 அன்று அவர் இறந்தார். அடுத்த ஆண்டு, பழைய வீரர்களுக்கென்று அமைத்த குழு கிட் நிக்கல்ஸோடு சேர்த்து அவரையும் தேர்ந்தெடுத்தது.